ஏழாம் நம்பர் காரின் டிக்கி

டிக்கி மூடவில்லை.

கள்ளக்குறிச்சி கார் ஸ்டாண்டில் ஏழாம் நம்பர் அம்பாசிடருக்குச் சொந்தக்காரர் பிச்சைமுத்து. 1987 செப்டம்பர் பதினாறாம் தேதி, புதன்கிழமை, காலை ஏழரை மணிக்குள் அவர் அதைப் பதினான்கு முறை மூடிப் பார்த்துவிட்டார். மூடி கீழே வந்தது. ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றது. அழுத்தினால் உள்ளே போனது. கையை எடுத்தால் மறுபடி ஒரு விரல் எழும்பியது. ஓங்கி அறைந்தால் ‘டக்’கென்று மாட்டிக்கொண்டது. வண்டியை எடுத்து முதல் பள்ளத்தில் இறக்கியதும் ‘டப்’பென்று திறந்துகொண்டது.

சாயங்காலத்துக்குள் அது மூடியாக வேண்டும். மூடாவிட்டால் ஏழாம் நம்பர் அவருடையது இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இருந்த வேப்ப மர நிழலில் எட்டு கார்கள் நிற்கலாம். ஒன்பதாவது கார் நின்றால் பஸ் திரும்ப முடியாது. ஆகவே யாராவது விலகினால்தான் இன்னொருவருக்கு இடம். தானாக விலகாதவரை விலக்குவதற்குக் கார் ஸ்டாண்ட் சங்கத்தில் ஒரே ஒரு விதி இருந்தது. எஃப்.சி. ஒரு நாள் தவறினாலும் நம்பர் போய்விடும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடும் காகிதம்தான் எஃப்.சி. பிச்சைமுத்துவின் எஃப்.சி. இருபதாம் தேதியோடு முடிந்தது. இன்ஸ்பெக்டர் கள்ளக்குறிச்சிக்கு வருவது புதன்கிழமை மட்டும். போன புதன்கிழமை அவர் டிக்கியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, “இதைச் சரி பண்ணிட்டு அடுத்த வாரம் காட்டு” என்று போய்விட்டார். அந்த அடுத்த வாரம்தான் இன்று. இதற்கு அடுத்த வாரம் கிடையாது. படிப்பிலும் வேலையிலும் இருபது சதவீத ஒதுக்கீடு கேட்டு நாளை வியாழக்கிழமை தொடங்கி ஏழு நாள் சாலை மறியல். ஒரு சக்கரமும் உருளாது என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது.

பிச்சைமுத்துவுக்கு வயது நாற்பத்தாறு. திருநாவலூர்ப் பக்கம் பிறந்து, நெல் மண்டி லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டக் கற்று, பிறகு பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி ஏமப்பேரில் குடியேறியவர். அதிகம் பேசமாட்டார். ஹாரனையும் அதிகம் அடிக்கமாட்டார். ஸ்டாண்டில் இடம் கிடைக்க ஒன்பது வருஷம் காத்திருந்தார். சாலைக்கு எதிர்ப்பக்கம், நிழலே இல்லாத இடத்தில் நின்று, எட்டு கார்களும் சவாரிக்குப் போன பிறகு மிஞ்சியவர்களை ஏற்றினார். கல்வராயன் மலைக்கு மற்ற கார்கள் தயங்கியபோது இவர் ஏறினார். வெள்ளிமலைக்குப் போகிற சவாரி என்றால் ஏழாம் நம்பர்தான் என்று ஆனது. கடுக்காய் மூட்டை, புளி, பலாப்பழம், பிரசவத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று அந்த டிக்கியும் பின்சீட்டும் பார்க்காதது இல்லை.

எதிர்ப்பக்கத்து வெயிலில் இப்போது நின்றுகொண்டிருந்தவர் பழனி. முப்பது வயது. கார் புதிது, டிக்கி புதிது. அன்று காலை அவர் தன் காரைத் துடைத்துவிட்டு, துணியை உதறியபடி சாலையைக் கடந்து வந்தார்.

“இன்னாண்ணே, வாயத் தொறந்துக்கினே கீது? பசிக்குதா அதுக்கு?”

பிச்சைமுத்து பதினைந்தாவது முறை அறைந்தார்.

“பார்த்துண்ணே. ஒன் கோவத்துல பின்கண்ணாடி போயிடப் போவுது. அப்பறம் அதுக்கு வேற எஃப்.சி. கேப்பாங்க.”

“ஒனக்கு வேற வேல இல்ல?”

“இருக்குது. மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் சார என் வண்டியிலதான் விழுப்புரத்துக்குக் கொண்டும்போய் வுடணும். ராத்திரிக்குள்ள மரத்த வெட்டி ரோட்ல போட்டுடுவாங்கன்னு பயப்படுறாரு. அதனால மூணு மணின்னா மூணு மணி. சொல்லலன்னு இருக்கக் கூடாது பாரு, அதான் சொல்லிட்டேன்.”

சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். போகும்போது தன் டிக்கியை ஒரு விரலால் தள்ளினார். அது பூப்போல மூடியது.

தொல்லை ஆரம்பித்தது ஆடி மாதத்தில். மறியல் வரப்போகிறது என்ற பேச்சு அப்போதே ஊரெல்லாம் இருந்தது. முந்தின வருஷத்து ஒரு நாள் மறியலில் சாலையெங்கும் மரங்கள் கிடந்ததைப் பார்த்த போலீஸ், இந்த முறை கச்சிராயபாளையம் வழியில் ஒவ்வொரு காரையும் நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னது. கோடாலி உண்டா, ரம்பம் உண்டா. ஒரு நாளில் பதினோரு முறை பிச்சைமுத்து டிக்கியைத் திறந்து காட்டியிருக்கிறார். திறக்கும்போது எல்லாரும் பதமாகத் திறந்தார்கள். மூடும்போது அறைந்தார்கள். அந்த வாரமே டிக்கி மூடாமல் போனதால், காரணம் எது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அறைந்து அறைந்து கெடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு தென்னங்கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஓட்டினார். ஒவ்வொரு சோதனையிலும் கயிற்றை அவிழ்க்க வேண்டும், திறக்க வேண்டும், கட்ட வேண்டும். பின்னால் நிற்கிற லாரிக்காரர்கள் திட்டினார்கள். ஒரே இழுப்பில் அவிழும்படி ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தார். அந்த முடிச்சு ஒருநாள் மலை இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில், தானாகவே அவிழ்ந்தது. டிக்கியிலிருந்து குதித்த பலாப்பழம் ஒன்று சாலையில் உருண்டு, அவருடைய காரையே முந்திக்கொண்டு போய், எதிரே ஏறி வந்த பஸ்ஸின் முன்சக்கரத்தில் நசுங்கியது. பஸ்காரர் எழுதிக் கொடுத்த புகார் இன்ஸ்பெக்டருக்குப் போனது. எஃப்.சி. நின்றதற்கு மூலம் அந்தப் பலாப்பழம்தான்.

ஏழு வாரத்தில் நான்கு பேர் பார்த்தார்கள். சங்கராபுரம் ரோட்டுக்காரர் பூட்டின் ஸ்பிரிங் செத்துவிட்டது என்று மாற்றினார், கிரீஸ் அப்பினார். மூடவில்லை. இன்னொருவர் கீல் வளைந்திருக்கிறது என்று வாஷர் கொடுத்து மூடியை இடப்பக்கம் நகர்த்தினார். மூடவில்லை. சின்னசேலத்துக்காரர் ஓரத்து ரப்பர் தடித்துவிட்டது என்று மெல்லிசான ரப்பர் ஒட்டினார். மூடவில்லை, மழைத் தண்ணீர் மட்டும் உள்ளே வந்தது. நான்காவது, டிங்கர் வேலை பார்க்கும் இருசப்பன். ஐந்து நாளாக அவரிடம்தான் போராட்டம்.

இருசப்பனின் பட்டறைக்கு எட்டு மணிக்கு வண்டி போனது. பாதி ஷட்டர் ஏற்கெனவே இறங்கியிருந்தது.

“ரெண்டு மணிக்குச் சாத்துறேண்ணே. எல்லாருமே சாத்துறாங்க.”

“சாத்து. அதுக்கு முன்னாடி இதச் சாத்திக் குடு.”

மூடியில் ஒரு நாக்கு இருக்கிறது. கீழே, பம்பருக்கு மேலே, இரண்டு போல்ட் போட்டு முடுக்கிய ஒரு வளையம் இருக்கிறது. நாக்கு இறங்கி வளையத்தில் மாட்ட வேண்டும். இவ்வளவுதான் சமாசாரம். இருசப்பன் ஐந்து நாளில் அந்த வளையத்தை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார், உள்ளே தள்ளினார், வெளியே இழுத்தார். எங்கே வைத்தாலும் அதே ஒரு விரல் இடைவெளி. இன்று நாக்கில் சாக்பீஸ் பொடி தடவி மூடியை இறக்கிப் பார்த்தார். வளையத்தின் நடுவில் வெள்ளைக் கோடு விழுந்தது.

“பார்த்தியா? நாக்கு சரியா எறங்குது. வளையம் சரியா நிக்குது. எல்லாமே சரியா இருக்குதுண்ணே.”

“எல்லாம் சரியா இருந்தா மூடணும் இல்ல?”

“மூடணும்.”

“மூடலியே.”

“அதாண்ணே எனக்கும் புரியல.”

பிச்சைமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் அடித்தார். அவர் கோபத்துக்கு அதுதான் உச்சம். இருசப்பன் கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

“ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. ஒன் வேண்டுதல நீ சீக்கிரமா முடிச்சிட்டீன்னா, வளையத்தச் சுத்தி இன்னும் சுத்தமாப் பார்க்கலாம்.”

“எந்த வேண்டுதல?”

இருசப்பன் விரலை நீட்டவில்லை. முழங்கையால் காட்டினார். வளையத்தின் அடியில் கறுப்பாக, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு, ஏதோ சுற்றியிருந்தது. பிச்சைமுத்து அதை ஏழு வாரமாகப் பார்க்கிறார்.

“அது மொத மெக்கானிக்கு ஆட்டம் நிக்கறதுக்கு வெச்ச துணி இல்ல?”

“துணிக்குள்ள காசு வெச்சா ஆட்டத்த நிறுத்துவான்? நல்லாப் பாருண்ணே. உள்ள மஞ்சளா கீது. காசு முடிஞ்சி கட்டியிருக்குது. கிரீஸ் பட்டுக் கறுத்துப்போச்சு.”

பிச்சைமுத்து குனிந்து பார்த்தார். இடுக்கில் மஞ்சள் தெரிந்தது. மஞ்சளில் நனைத்த துணி. மூடி இறங்கும்போது நாக்கு வளையத்துக்குள் போகிறது. போய், இந்தத் துணி உருண்டைமேல் உட்காருகிறது. அழுத்தினால் துணி அமுங்குகிறது. பள்ளத்தில் குலுங்கினால் துணி உப்பி நாக்கை வெளியே தள்ளுகிறது. வளையத்தை மேலே ஏற்றினால் முடிச்சும் கூடவே மேலே ஏறுகிறது. கீழே இறக்கினால் கூடவே இறங்குகிறது. நான்கு பேர் ஏழு வாரமாக முடிச்சைச் சுற்றிச் சுற்றி வண்டியைத் திருத்தியிருக்கிறார்கள்.

“யோவ், அஞ்சு நாளா இத ஏத்தி எறக்கிக்கினு கெடந்தியே, ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?”

“நீ கட்டினதுன்னு நெனச்சேன். அடுத்தவங்க வேண்டுதலப் பத்தி வாயால கேக்கலாமாண்ணே?”

“மத்த மூணு பேரும்?”

“அவங்க மட்டும் கேப்பாங்களா?”

“சரி, அவு.”

“நானா?” இருசப்பன் இரண்டடி பின்னால் போனார். “எனக்குப் புள்ளைங்க இருக்குதுண்ணே.”

பிச்சைமுத்து தானே கையை நீட்டினார். விரல் முடிச்சுக்கு அரை அங்குலத்தில் நின்றது. துணியின் கரை அவருக்குத் தெரிந்தது. மனைவி அம்சவள்ளியின் பழைய ரவிக்கைக் கரை.

அம்சவள்ளி ஏமப்பேர் எல்லையில் கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். கார் வரப்பு வரைக்கும் வந்து நின்றதைப் பார்த்து மற்ற பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“ஏ அம்சா, ஒன்னக் கூட்டிக்கினு போவ காரே வந்துட்டுது!”

“கார்ல வந்து களை எடுக்கறவ இவ ஒருத்திதான்டி!”

பிச்சைமுத்து அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கவில்லை.

“டிக்கியில காசு முடிஞ்சி வெச்சது நீயா?”

அம்சவள்ளி களைக்கொத்தைக் கீழே வைத்தார். “யாரு சொன்னது?”

“நீயான்னு கேட்டேன்.”

“ஆமா. ஆடி மூணாம் வெள்ளி கட்டினேன். அதுக்கு இன்னா இப்ப?”

“அதனாலதான் டிக்கி மூடல.”

“போலீசுக்காரன் அறைஞ்சி கெடுத்துட்டான்னு நீதான சொன்ன?”

சொன்னது அவர்தான்.

வேண்டுதல் மகள் செந்தமிழ்ச்செல்விக்காக. பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருக்கிறாள். ஆசிரியர் பயிற்சிக்குப் போன வருஷம் மனு போட்டுக் கிடைக்கவில்லை. இந்த வருஷம் முதல் பட்டியலில் பெயர் இல்லை. இரண்டாம் பட்டியல் வர வேண்டும். சீட்டு கிடைத்தால் மலையடிவாரத்து அம்மனுக்குப் பொங்கல் வைத்து, முடிச்சை அங்கேயே அவிழ்த்து உண்டியலில் போடுவதாக நேர்ந்துகொண்டார். கேட்டதை அம்மன் கொடுக்காமல் முடிச்சை அவிழ்த்தால், கேட்டதே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

“வூட்ல சாமி படத்துக்கிட்ட கட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா? என் வண்டிதான் கெடச்சுதா?”

“ஒன் வண்டிதான்யா தெனம் அவ கோயில் முன்னாடி போய்க்கினு வருது. அவ கண்ணுல படற எடத்துல இருந்தா ஞாபகம் இருக்கும்னு கட்டினேன். முன்னாடி கட்டினா எவனாவது புடுங்குவான். டிக்கிய யாரு பார்க்கப் போறா?”

“ஊரே பார்த்துது! நாலு மெக்கானிக்கு பார்த்தான், போலீசு பார்த்தான். நான் ஒருத்தன்தான் பார்க்கல. என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா?”

“சொன்னா பலிக்காது.”

“இப்ப இன்னிக்கி மூணு மணிக்குள்ள மூடலன்னா எடம் போச்சு. ஒம்பது வருசம் வெயில்ல நின்னு புடிச்ச எடம். பழனி அங்க காரத் தொடச்சு வெச்சிக்கினு குந்திகினு கீறான். அவுத்துடு அம்சா. அடுத்த வெள்ளி வேற முடிச்சு போட்டுக்கலாம்.”

அம்சவள்ளி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

“நாளைக்கு ரோட்ல ஒக்காரப் போறாங்களே அத்தினி பேரும், எதுக்கு ஒக்கார்றாங்க? படிப்புக்கும் வேலைக்கும் எடம் கேட்டுத்தான? நான் ரோட்ல ஒக்காரல. ஒரு காசு கட்டினேன். அத அவுக்கச் சொல்றியே. ஒன் எடத்துக்காவ எம்பொண்ணு எடத்த வுடச் சொல்றியா?”

பிச்சைமுத்து வரப்பில் உட்கார்ந்தார். மணி பத்தரை. கோபத்தை யார்மேல் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. போலீஸ்மேல் காட்ட முடியாது, பாவம், அவர்கள் கெடுக்கவில்லை. மெக்கானிக்குகள் மரியாதை கொடுத்திருக்கிறார்கள். மனைவி நேர்ந்தது மகளுக்காக. யார் செய்ததிலும் தப்பு இல்லை, டிக்கி மட்டும் மூடவில்லை.

சட்டென்று எழுந்தார். “முடிச்ச அவுக்கக் கூடாது. அவ்ளோதான?”

“அவ்ளோதான்.”

“வளையத்தோடவே கழட்டி எடுத்துட்டா?”

அம்சவள்ளி யோசித்தார். “முடிச்சு முடிச்சாவே இருக்கும்.”

“இருக்கும்.”

“ஆனா அவ முன்னாடி போவாதே?”

“நீதான் அவகிட்ட சொல்லேன்.”

“சரி. வண்டியில போவாட்டி நம்ம வூட்டு முன்னாடி வந்து பாத்துக்கச் சொல்றேன்.” களைக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகினார். “ஏறு, நானும் வர்றேன். ஒன் கைய நான் நம்ப மாட்டேன். அவசரத்துல பிச்சிடுவே.”

வளையத்தைக் கழற்றுவது என்று முடிவு செய்வது சுலபமாக இருந்தது. கழற்றுவது சுலபமாக இல்லை. பட்டறையிலிருந்து இருசப்பனைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். முதல் போல்ட் வந்துவிட்டது. இரண்டாவது, சின்னசேலத்து ரப்பர் வழியாக இறங்கிய மழைத் தண்ணீரில் துருப்பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தார்கள். ஸ்பானர் வழுக்கியது. போல்ட்டின் தலை மழுங்கியது. இருசப்பன் உளியை வைத்து அடிக்க, அம்சவள்ளி இரண்டு கையாலும் முடிச்சைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

“கைய எடு அண்ணி, அடி பட்டுடப் போவுது.”

“ஒன் உளி முடிச்சுல படாமப் பார்த்துக்க. என் கையி கெடக்குது.”

சத்தம் கேட்டு வெளியே வந்த செந்தமிழ்ச்செல்விக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

“என் சீட்டுக்கா ஏழு வாரமா டிக்கி மூடல?”

“வாய மூடிக்கினு அந்த மண்ணெண்ணெய எடு” என்றார் அப்பா.

“எல்லாம் மூடுது, டிக்கி மட்டும்தான் மூடல” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் எடுத்து வந்தாள்.

ஒன்றேகால் மணிக்கு வளையம் கையோடு வந்தது, முடிச்சு கலையாமல். இப்போது டிக்கியில் மாட்டுவதற்கு வேறு வளையம் இல்லை. பழைய சாமான் கடைக்குப் பிச்சைமுத்து ஓடினார், பூட்டியிருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை பூட்டியிருந்தது. வெல்டிங் பட்டறையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பியவர், “இன்னிக்கி யாரு வேல செய்யறா? அடுத்த வாரம் வா” என்றார். அடுத்த வாரம் வா என்று அவரிடம் சொல்லாதவர் அந்த ஊரில் ஒருவரும் பாக்கி இல்லை.

ஒன்றே முக்காலுக்குத் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார். இருசப்பனும் உட்கார்ந்தார். இருவர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. வீட்டு முன்கதவின் தாழ்ப்பாள், நிலையில் இருந்த ஓர் இரும்பு வளையத்தில் போய் மாட்டும். அந்த வளையமும் பட்டையோடு இருந்தது. பட்டையில் இரண்டு துளை இருந்தது.

“தொள அகலம் கொஞ்சம் கம்மி” என்றார் இருசப்பன்.

“அரம் போட்டா?”

“போட்டா ஆவும்.”

இருவரும் அம்சவள்ளியைப் பார்த்தார்கள்.

“என்ன இன்னாத்துக்குப் பார்க்கறீங்க? கழட்டுங்க. கதவ அப்பறம் பார்த்துக்கலாம்.”

அரம் போட்டுத் துளையைப் பெரிதாக்கி, போல்ட் மாட்டி, முடுக்கி முடிக்கும்போது இரண்டரை தாண்டிவிட்டது. பிச்சைமுத்து டிக்கி மூடியைக் கையில் பிடித்தார். அறையவில்லை. மெதுவாக விட்டார்.

‘டக்.’

ஏழு வாரத்துக்குப் பிறகு கேட்ட அந்தச் சத்தத்தை ரசிக்க அவருக்கு நேரம் இல்லை.

இன்ஸ்பெக்டர் வண்டி பார்க்கும் பயணியர் விடுதி மைதானத்தில் பழனியின் கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் பையை உள்ளே வைத்துவிட்டு ஒரு காலை ஏற்றியிருந்தார். பிச்சைமுத்து வாழ்க்கையில் முதல்முறையாக நீளமாக ஹாரன் அடித்தார்.

“மணி மூணு ஆயிடுச்சு சார்” என்றார் பழனி.

“இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு” என்றார் இன்ஸ்பெக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்து. காலை இறக்கினார். நேராக டிக்கிக்குப் போனார். மூடினார், மூடியது. திறந்தார், குனிந்தார்.

“என்னப்பா இது? வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரி இருக்கு?”

“வூட்டுத் தாழ்ப்பாதான் சார்.”

“கம்பெனி அயிட்டம் இல்ல சார்” என்றார் பழனி, ஸ்டீரிங்கில் இருந்தபடியே.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மைதானத்தைச் சுத்தி மூணு ரவுண்டு போ. பள்ளத்தை விட்டு ஒதுங்காதே. ஒவ்வொண்ணுலயும் இறக்கு.”

மழை பெய்து காய்ந்த மைதானம். பள்ளத்துக்குக் குறைவில்லை. பிச்சைமுத்து ஒன்றையும் விடாமல் இறக்கினார். ஸ்டெப்னி குதித்தது, ஜாக்கி உருண்டது, கண்ணாடி அதிர்ந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் காது பின்னால் இருந்தது. ‘டப்’ வரவில்லை. மூன்றாவது சுற்று முடிந்து நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் பானெட்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். “டிக்கி மூடணும்னுதான் சட்டம். எதால மூடணும்னு இல்ல.”

பழனி கியரைப் போட்டார். “வூட்டுக் கதவ இன்னா பண்ணுவண்ணே? என் டிக்கியக் கழட்டித் தரவா?” என்றார். குரலில் காலையில் இருந்த எக்காளம் இல்லை. கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு விழுப்புரம் பக்கம் போனது.

நாலு மணிக்குப் பிச்சைமுத்து காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். இருசப்பன் போய்விட்டிருந்தார். கிளம்புவதற்குமுன் ஒரு உபகாரம் செய்திருந்தார். கதவுக்கு வளையம் இல்லாமல் இருக்கக் கூடாது என்று, காரிலிருந்து கழற்றிய வளையத்தை நிலையில் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார். முடிச்சோடு. அம்சவள்ளி அதற்குக் குங்குமம் வைத்திருந்தார்.

பிச்சைமுத்து உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினார். முடிச்சில் இடித்துப் பாதி போய் நின்றது. அழுத்தினார், போனது. கையை எடுத்தார், வெளியே வந்தது. நிலையில் உப்பிய முடிச்சு தள்ள, கதவு ஒரு விரல் திறந்துகொண்டது.

“அம்சா.”

“தெரியும்.”

“இது மூடாது.”

“சீட்டு வரட்டும், மூடிக்கலாம்.”

மறுநாள் முதல் ஏழு நாள் கள்ளக்குறிச்சியில் ஒரு காரும் ஓடவில்லை. வேப்ப மர நிழல் வெறுமையாகக் கிடந்தது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய ஏழாம் நம்பரில் ஒரு நாய் படுத்திருந்ததாகப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். சேலம் சாலையில் மரங்கள் கிடப்பதாகவும், மலைக்குப் போகும் வழியே இல்லை என்றும் சொன்னார்கள். செய்தி சொல்ல வந்தவர்கள் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. கதவுதான் ஒரு விரல் திறந்தே இருந்ததே. பிச்சைமுத்து வீட்டோடு இருந்தார். காரணம் தெரிந்தும் சும்மா இருக்க முடியவில்லை. கீலுக்கு எண்ணெய் போட்டார். தாழ்ப்பாளை அரம் போட்டு மெல்லிசாக்கினார். வளையத்தைக் கால் அங்குலம் ஏற்றி அடித்தார். முடிச்சும் கூடவே ஏறியது. செந்தமிழ்ச்செல்வி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், “அப்பா, சாக்பீஸ் வேணுமா?” என்று கேட்டாள்.

இருபத்து நான்காம் தேதி காலை சாலை திறந்தது. வெள்ளிமலைக்குச் சவாரி காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்சவள்ளி விடிந்ததுமே கொல்லைக்குப் போய்விட்டிருந்தார். மகள் தபால் ஆபீஸுக்குப் போயிருந்தாள், ஒரு வாரத்துத் தபாலில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. பிச்சைமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு, வெளியே வந்து, கதவை இழுத்தார். அது ஒரு விரல் திரும்பி வந்தது. ஓங்கி அறைந்தார். ‘டக்’ என்றது. இரண்டடி நடந்தார். ‘டப்’ என்றது.

பிறகு காருக்குப் போய் டிக்கியைத் திறந்தார். ஏழு வாரம் டிக்கியைக் கட்டிய தென்னங்கயிறு ஸ்டெப்னிமேல் சுருண்டு கிடந்தது. அதை எடுத்து வந்து கதவையும் நிலையையும் சேர்த்துக் கட்டினார், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போட்டு. தபால் ஆபீஸிலிருந்து வரும் மகள் இழுத்துத் திறந்துகொள்ளட்டும்.

டிக்கியை ஒரு விரலால் தள்ளினார். அது மூடிக்கொண்டது.